நூறாவது நாடு, ஜூ டவுன் வழி

காஸ் ஏஜென்சிக்குப் போன் செய்தாலும் சிவராமகிருஷ்ணன் தன் பெயரைச் சர்வதேச முறைப்படிதான் சொல்வார். "எஸ் ஃபார் சியரா, ஐ ஃபார் இந்தியா, வி ஃபார் விக்டர்" என்று தொடங்கி அவர் கிருஷ்ணனை எட்டுவதற்குள் எதிர்முனையில் இருக்கும் பெண் சிலிண்டரைப் பதிவு செய்துவிட்டு அடுத்த வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருப்பாள். ஸ்கூட்டரில் வண்டி எண்ணுக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், அவருடைய ரேடியோ அழைப்புக்குறி இருக்கும். தோப்பும்படிப் பாலத்தருகே ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, இதில் எது நம்பர் என்று கேட்டபோது, இரண்டுமே அரசாங்கம் கொடுத்ததுதான் என்று பதில் சொன்னார். போலீஸ்காரருக்கு அன்று வேறு வேலை இருந்தது.

அவர் ஹாம். அதாவது அரசாங்கத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, வீட்டிலேயே ரேடியோ வைத்து உலகத்தோடு பேசுகிறவர். மட்டாஞ்சேரியில் அரண்மனைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. சந்தில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பவேண்டும். மொட்டை மாடியில் இருக்கும் ஆன்டெனா சந்தைவிட அகலம்.

உலகத்தோடு பேசுகிறவர் என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். இவர் தன் குறியைச் சொல்வார். அவர்கள் தங்கள் குறியைச் சொல்வார்கள். "ஃபைவ் நைன்" என்பார்கள், இவரும் "ஃபைவ் நைன்" என்பார். உன் குரல் பலமாகவும் தெளிவாகவும் கேட்கிறது என்று அதற்குப் பொருள். பாதி கேட்காவிட்டாலும் அதையேதான் சொல்வார்கள். நன்றி, வணக்கம், அடுத்த நாடு. ஃபிஜியில் ஒருவர் இவரிடம், உங்கள் ஊரில் மழையா என்று கேட்டுவிட்டார். நேரத்தை வீணாக்குகிறான் என்று சிவராமகிருஷ்ணன் அன்று முழுக்க முணுமுணுத்தார்.

வரவேற்பறைச் சுவரில் ஓர் உலகப்படம். நாட்டுக்கு ஒரு சிவப்புக் குண்டூசி. பேசினால் மட்டும் குண்டூசி ஏறாது. எதிராளியும், ஆமாம், இந்த மனுஷர் இன்ன நாள் இன்ன நேரம் என்னோடு பேசினார் என்று கார்டு அனுப்பியோ கம்ப்யூட்டரில் பதிந்தோ உறுதி செய்யவேண்டும். அப்படி நூறு நாடுகள் உறுதியானால் அமெரிக்காவிலிருக்கும் ஒரு சங்கம் விருதுப் பத்திரம் அனுப்பும். இந்த விஷயத்தில் சிவராமகிருஷ்ணன் கறார். ஏலூரில் உரத் தொழிற்சாலையொன்றில் வேதியியலாளராக இருக்கும் வீரலட்சுமி, ஹாம்களின் கூட்டத்தில் எழுந்து, தான் ஐம்பது நாடுகள் பேசிவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னபோது இவர் கையை உயர்த்தினார். "பேசினதா, உறுதியானதா?" உறுதியானது பன்னிரண்டு என்றாள் அவள். "அப்போ பன்னிரண்டுன்னு சொல்லணும்" என்று சொல்லி உட்கார்ந்தார். கைதட்ட ஆரம்பித்திருந்தவர்கள் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்கள்.

ஃபிஜியின் கார்டு வந்தது. நூறாவது குண்டூசி ஏறியது. கொச்சித் தமிழ் நலப் பேரவையின் செயலாளர் ஹரிநாராயணனுக்கு மேடையும் மாலையும் தயாராக இருந்தன, ஆள்தான் கிடைக்காமல் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா என்று அறிவித்தார். புதன்கிழமையே சந்து முனையில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது: "நூறு நாடுகளை வென்ற மட்டாஞ்சேரி மைந்தர்." ஹெட்போன் மாட்டிய சிவராமகிருஷ்ணன், பின்னால் பூமி உருண்டை. உருண்டை அவர் தலையைவிடச் சின்னது. அந்தத் தெருவில் சுற்றும் ஆடுகளில் ஒன்று ஃப்ளெக்ஸின் ஓரத்தை மென்று பார்த்து, சரிப்படாமல் விட்டுப்போனது.

விருதுக்கு விண்ணப்பிக்க எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கவேண்டும். பெங்களூரிலிருக்கும் மகள் ஸாதனா அதற்கென்றே ஒரு மென்பொருளை அனுப்பியிருந்தாள். தொடர்புகளைப் பதிந்தால் எந்த நாடு ஆயிற்று, எது பாக்கி என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். பதிகிற வேலை மனைவி ஸ்வர்ணலதாவுக்கு வந்தது. வங்கியில் முப்பது வருஷம் அடுத்தவர் கணக்கைத் தட்டச்சு செய்தவள். ஓய்வு பெற்ற பிறகு கணவரின் கணக்கைத் தட்டச்சு செய்தாள். பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாக முடித்து, புதன்கிழமை மாலை கடைசி வரியையும் ஏற்றினாள்.

"ஏன்னா, கொஞ்சம் இங்கே வரேளா?"

"மொத்தம் நூறுதானே? பிரிண்ட் எடு."

"தொண்ணூத்தொம்பதுன்னாக்கும் சொல்றது."

சிவராமகிருஷ்ணன் ஹெட்போனைக் கழற்றினார். வீட்டுக்குள் அது அபூர்வமாக நடக்கும் காரியம்.

திரையிலும் ஓர் உலகப்படம் இருந்தது. உறுதியான நாடுகள் பச்சை. மற்றதெல்லாம் சாம்பல். இலங்கை பச்சை. மாலத்தீவு பச்சை. நேபாளம், வங்கதேசம் பச்சை. அந்தமானும் லட்சத்தீவும்கூடப் பச்சை. விருதுக் கணக்கில் அவை தனி நாடுகள். லட்சத்தீவிலிருந்து இவரோடு பேசியவர் உண்மையில் தோப்பும்படிக்காரர். கப்பலேறிப் போய் மைக்கைப் பிடித்ததால் நாடாகிவிட்டார். இத்தனை பச்சைக்கும் நடுவே, பெரிதாக, முக்கோணமாக, சாம்பல் நிறத்தில் இருந்தது இந்தியா.

"சாஃப்ட்வேர்லே பிழை" என்றார் அவர்.

"பிழையொண்ணும் இல்லை. ஏதாவது ஒரு இந்தியா ஸ்டேஷனோட பேசினதா எழுதியிருக்கேளா? நான் ஒரு வரி விடாம ஏத்தியாச்சு."

சிவராமகிருஷ்ணன் சுவர்ப் படத்தின் அருகே போனார். கொச்சியில் ஒரு குண்டூசி இருந்தது. படம் வாங்கிய அன்று, முதல் வேலையாக, தானே குத்தியது. அப்போது இன்னும் ஒரு நாட்டோடும் பேசியிருக்கவில்லை. இது நான் என்று குத்தினார். பிறகு நாடுகளை எண்ணும்போதெல்லாம் அந்த ஊசியிலிருந்துதான் எண்ணினார்.

"அது நீங்கோ" என்றாள் ஸ்வர்ணலதா. "நீங்கோ ஒரு நாடில்லை."

இந்தியாவிலேயே இருந்துகொண்டு இந்தியாவை விட்டுவிட முடியுமா என்று கேட்கலாம். முடியும். ரேடியோவில் இந்தியக் குரல் கேட்டால் சிவராமகிருஷ்ணன் உடனே அலைவரிசையை நகர்த்திவிடுவார். "வழியை அடைச்சுண்டு நிக்கறான்" என்பார்.

"ஞாயித்துக்கிழமை மேடையிலே யார் எண்ணப்போறா?" என்று ஸ்வர்ணலதா ஆழம் பார்த்தாள். "நூறுன்னே சொல்லிடுங்கோ."

"வீரலட்சுமி முன்வரிசையிலே இருப்பள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவள் இல்லாட்டாலும் சொல்லமாட்டேன்" என்றார். அதை அவர் சொன்ன விதம் ஸ்வர்ணலதாவுக்குப் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

வியாழனும் வெள்ளியும் சிவராமகிருஷ்ணன் இந்தியாவைத் தேடினார். டில்லியில் ஒருவர் கிடைத்தார். அவர் கம்ப்யூட்டரில் பதிவதில்லை, கார்டை இங்குள்ள ஹாம் சங்கத்தின் வழியாக அனுப்புவதாகச் சொன்னார். சங்கத்தின் வழியாக வந்த பெரு கார்டுக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. குவாஹாட்டியில் இன்னொருவர், நாம் பேசியதை எழுதி வைக்கவேண்டுமா என்ன, மனதில் இருந்தால் போதாதா என்றார். அந்த மனிதரைச் சிவராமகிருஷ்ணன் வெகு நேரம் மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கார்டு கையில் வரவேண்டுமென்றால் அது நடந்துபோய் வாங்குகிற தூரத்தில் இருக்கவேண்டும். நடக்கும் தூரத்தில் ஒரே ஒரு ஹாம் இருந்தார். யூதர்கள் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில்.

இஸ்மாயில் ராவுத்தர் குடும்பம். ஏலக்காய் வியாபாரத்துக்காகக் கம்பத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்டவர்கள். தினமும் மாலை ஏழு மணிக்கு அக்கம்பக்கத்து ஹாம்களையெல்லாம் ஒரே அலைவரிசையில் கூட்டி அரட்டை நடத்துவார். நடுவில் எந்த இடைநிலையமும் இல்லாமல், ஆலுவா வரைக்கும் வீட்டுக்கு வீடு நேரடிப் பேச்சு. அதற்குச் சாயா நெட் என்று பேர். சிவராமகிருஷ்ணன் அதைச் சந்தை என்பார். இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு பழைய தேக்குக் கதவுநிலை கடைக்கு வந்திருக்கிறது என்று இஸ்மாயில் நெட்டில் சொல்லிவிட்டார். ரேடியோவில் வியாபாரம் கூடாது என்பது விதி. சிவராமகிருஷ்ணன் நான்கு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பினார். அங்கிருந்து பதிலே வரவில்லை. ஆனால் முறைப்படி ஒரு நகலை இஸ்மாயிலுக்கும் அனுப்பியிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்கு, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு.

வெள்ளிக்கிழமை மாலை சிவராமகிருஷ்ணன் உள்ளூர்ப் பேச்சுக்கான சின்ன ரேடியோவின் தூசியைத் துடைத்தார். இஸ்மாயிலின் குரல் அறைக்குள்ளேயே இருப்பதுபோலக் கேட்டது. நெத்திலி வந்திருக்கிறது, கூம்பாரம் பக்கம் தண்ணீர் வரவில்லை, படகுத்துறையில் டிக்கெட் எடுக்க வரிசை என்று ஒவ்வொருவராக ஊரைச் சொல்லி முடித்தார்கள்.

"வேறே யாராவது உண்டா?" என்றார் இஸ்மாயில்.

சிவராமகிருஷ்ணன் பொத்தானை அழுத்தித் தன் அழைப்புக்குறியை முழுசாக, ஆல்ஃபா பிராவோ முறையில், இரண்டு தரம் சொன்னார்.

அடுத்த வீட்டில் குக்கர் விசிலடித்தது.

"சாமியா?" என்றார் இஸ்மாயில் கடைசியில்.

"ஆமாம். உங்கள் சிக்னல் ஃபைவ் நைன். என்னுடையதைச் சொல்லவும். நன்றி. கார்டு விஷயமாக நாளைக்கு..."

"அங்ஙனே ஓட வேண்டா சாமி. ஃபைவ் நைனெல்லாம் ஃபிஜிக்காரனுக்கு. இந்த நெட்டுக்கு ஒரு நடப்பு உண்டு. புதுசா வர்றவங்க முதல்லே அதைச் சொல்லணும். இன்னைக்கு உச்சைக்கு உங்க வீட்டிலே என்ன கூட்டான்?"

"அது விதிகளில் இல்லை."

"சார், விதியை எழுதிப் பதிவுத் தபால்ல அனுப்பிடுங்க" என்றது ஏலூரிலிருந்து ஒரு பெண் குரல். வீரலட்சுமி. யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் பொத்தானை விட்டது கேட்டது.

சிவராமகிருஷ்ணன் யோசித்தார். மதியம் சோற்றுக்கு என்ன ஊற்றிக்கொண்டோம்? டில்லிக்காரரைத் தேடிக்கொண்டே, ஒரு காதில் ஹெட்போனோடு, சாப்பிட்டது நினைவிருந்தது. என்ன நிறம் என்றுகூடத் தெரியவில்லை. தமிழன் வீட்டில் தப்பாகப் போக வாய்ப்பில்லாத பதிலாகப் பார்த்து, பொத்தானை அழுத்திச் சொன்னார்.

"சாம்பார்."

"சாம்பாரா?" வாசற்படியில் ஸ்வர்ணலதா நின்றிருந்தாள். "மொளகூட்டலாக்கும் வெச்சேன்! தேங்காய் அரைச்சு, சேனையும் காயும் போட்டு! கேட்டேளே மூணு மாசமா மொளகூட்டல் இல்லேன்னு, அதுக்காக்கும் பண்ணினேன்! எருமை கஞ்சி குடிக்கறாப்போலே குடிச்சுட்டு, சாம்பாராம், சாம்பார்!"

அவர் விரல் இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டேதான் இருந்தது.

விரலை எடுத்ததும் ஆலுவா வரைக்கும் சிரிப்பு. ஒருவர் மேல் ஒருவர் பேசியதில் ரேடியோ வெறும் கீச்சொலியாக அலறியது. அது ஓய்ந்ததும் இஸ்மாயில் மிகவும் அதிகாரபூர்வமான குரலில் சொன்னார்:

"மாமிக்கு ஃபைவ் நைன். சாமிக்கு ஒரு ரெண்டு போடலாம்."

ரேடியோவை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். கை அணைக்கும் பொத்தான்வரை போகவும் செய்தது. ஆனால் ஸ்வர்ணலதா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்து எத்தனை காலம் என்று எந்த மென்பொருளாலும் சொல்லியிருக்க முடியாது. சிவராமகிருஷ்ணன் மறுபடியும் மைக்கை எடுத்தார்.

"இஸ்மாயில், அந்த லெட்டர்..." என்றார். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. ஆங்கிலத்தில் நான்கு பக்கம் வந்தவருக்குத் தமிழில் ஒரு வரி வரவில்லை.

"லெட்டரா? அதை ஃப்ரேம் போட்டுக் கடையிலே மாட்டியிருக்கேன் சாமி. அந்தக் கதவுநிலை இன்னும் போகல்லே. லெட்டருக்கு மூணு வெள்ளைக்காரங்க விலை கேட்டாச்சு. இது எந்த ராஜாவோட கடிதம்னு கேக்கறாங்க."

"பின்னே நீங்க என்ன சொன்னேள்?"

"விற்பனைக்கு இல்லேன்னேன். நம்ம ஆள் எழுதினது."

சிவராமகிருஷ்ணன் பொத்தானை அழுத்தி, இஸ்மாயிலின் குரலில் ஓர் இரைச்சல் இருப்பதாகவும், ஆன்டெனாவின் கேபிள் முனையில் மழைநீர் இறங்கியிருக்கவேண்டும் என்றும் சொன்னார். அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு. இஸ்மாயில், எப்படி அடைப்பது என்று கேட்டார். இவர் சொன்னார். வீரலட்சுமி குறுக்கே புகுந்து, அந்த டேப் கொச்சி மழைக்கு நிற்காது சார் என்றாள். எந்த டேப் நிற்கும் என்பதில் ஒரு சண்டை வந்தது. ஆலுவாக்காரர் சண்டைக்கு நடுவே தன் வீட்டுக் கோழிக் கறியின் செய்முறையைச் சொல்லி முடித்தார். சாமிக்கு அது வேண்டாம் என்று யாரோ சொல்ல, மசாலாவை மட்டும் எடுத்துச் சேனையில் போடலாம் என்றார் அவர். ஸ்வர்ணலதா ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள். நெட் முடியும்போது சந்தில் எல்லா வீட்டிலும் சீரியல் முடிந்திருந்தது.

ரேடியோவை அணைத்த பிறகு ஸ்வர்ணலதா கேட்டாள்.

"பதிஞ்சேளோ?"

பதியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தொடர்பைக்கூட எழுதாமல் விட்டதில்லை அவர். நேரம், அலைவரிசை, ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. மென்பொருள் நேரம் கேட்கும். இரண்டு பேருடைய நேரமும் பொருந்தாவிட்டால் இந்தியா பச்சையாகாது.

சனிக்கிழமை காலை சிவராமகிருஷ்ணன் ஜூ டவுனுக்கு நடந்தார். ஸ்கூட்டரை எடுக்கவில்லை. மிளகு மூட்டை இறக்கும் வண்டிகளைத் தாண்டி, கடை வாசலில் தேக்குக் கதவுநிலையைக் கண்டார். அதற்குப் பின்னால் கதவும் இல்லை, சுவரும் இல்லை. நிலைக்குள் நுழைந்து கடைக்குள் போனால், கல்லாவுக்கு மேலே, பித்தளை விளக்குகளுக்கும் சீன ஜாடிகளுக்கும் நடுவே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய கையெழுத்து. நின்று முதல் பத்தியைப் படித்தார். அவருக்கே கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது.

"சாமி, கார்டெல்லாம் நான் அச்சடிச்சு வெக்கல்லே" என்றார் இஸ்மாயில். பாலில்லாத சுலைமானிச் சாயாவை நீட்டிவிட்டு, டூரிஸ்டுகளுக்கு விற்கும் படக்கார்டு ஒன்றை உருவினார். யூதத் தொழுகைக்கூடத்தின் மணிக்கூண்டுப் படம். பின்புறத்தில் இரண்டு பேருடைய அழைப்புக்குறியும் எழுதி, தேதி போட்டு, நேரத்துக்கு வந்தார்.

"நேரம் மட்டும்" என்று குறுக்கிடாமல் சிவராமகிருஷ்ணனால் பொறுக்க முடியவில்லை. "நம்ம நேரம் போடப்படாது. உலக நேரம் போடணும். அதாவது அஞ்சரை மணி நேரத்தைக் கழிச்சு..."

இஸ்மாயில் கார்டைத் திருப்பிக் காட்டினார். நேற்றே ஒரு சீட்டில் குறித்து வைத்திருந்த நேரத்திலிருந்து ஐந்தரையைக் கழித்துத்தான் எழுதியிருந்தார். சிக்னல் என்ற இடத்தில் இரண்டு என்று போட்டு, அடித்து, ஃபைவ் நைன் என்று எழுதியிருந்தார்.

"கம்ப்யூட்டரிலேயும் இன்னைக்கே ஏத்திடறேன். நம்ம பயலுவ போட்டுத் தந்த சாஃப்ட்வேர்லே எனக்கு எத்தனை நாடு தெரியுமா சாமி? ஒண்ணு. இந்தியா. அதிலே ஆயிரக்கணக்கா பேசியாச்சு. ஒரு வெளிநாடு பிடிக்கணும்னு ஆசை உண்டு. அதுக்கு என்ன ஆன்டெனா வேணும்னு கேக்க ஆள் இல்லாமே இருந்தது."

"நாளைக்கு விழா முடிஞ்சதும் உங்க மாடிக்கு வரேன்" என்றார் சிவராமகிருஷ்ணன். "கயிறு மட்டும் வாங்கி வையுங்கோ. டேப் நான் கொண்டு வரேன்."

"வீரலட்சுமி சொன்ன டேப்தானே?"

"அதேதான்" என்றார், சாயாவை ஒரே மடக்கில் முடித்துக்கொண்டு.

திரும்பும் வழியில் ஹரிநாராயணனைப் பிடித்து, ஃப்ளெக்ஸில் "வென்ற" என்பதை "பேசிய" என்று மாற்றமுடியுமா என்று கேட்டார்.

"மாமா, அச்சடிச்சாச்சு. அது மட்டுமில்லை, பேசறவாளுக்கு யாராவது மாலை போடுவாளா?"

சிவராமகிருஷ்ணன் தானே ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி, கஞ்சிப் பசை தடவி, ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டிவிட்டு வந்தார். மாலைக்குள் ஆடு அந்தத் தாளைத் தின்றுவிட்டது. ஃப்ளெக்ஸைவிட அது ருசியாக இருந்திருக்கவேண்டும். மட்டாஞ்சேரி மைந்தர் மறுபடியும் நூறு நாடுகளை வென்றவரானார். ஒட்டிய மூலைகள் மட்டும் மிச்சமிருந்தன.

அன்று சாயங்காலம் ஸ்வர்ணலதா கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து கார்டைப் பார்த்துப் பதிந்தாள். தேதி. நேரம். அலைவரிசை. நாடு என்ற இடத்தில் மென்பொருள் தானாகவே இந்தியா என்று போட்டுக்கொண்டது. கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். தொண்ணூற்றொன்பது நாடுகளுக்கும் அது காலியாகத்தான் இருந்தது. எழுதும்படி யாரும் ஒன்றும் சொன்னதில்லை, சொல்ல வந்த ஃபிஜிக்காரரையும் இவர் விடவில்லை.

"இதிலே என்ன போட?"

சிவராமகிருஷ்ணன் சுவர்ப் படத்தின் அருகே நின்றிருந்தார். கொச்சியிலிருந்த குண்டூசியைப் பிடுங்கினார். ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டு, ஒரு நூல் இழை அளவு தள்ளி, ஜூ டவுன் இருக்கும் பக்கமாகக் குத்தினார். அவ்வளவு சின்ன நகர்வு அந்தப் படத்தில் கண்ணுக்கே தெரியாது.

"மொளகூட்டல்னு போடு" என்றார்.

அவள் போட்டாள். இந்தியா பச்சையாயிற்று.

ஏழு மணியாகப் போனது. ரேடியோவில் இஸ்மாயிலின் கரகரப்பு தொடங்கியிருந்தது. கேபிளில் நிஜமாகவே தண்ணீர்தான். சிவராமகிருஷ்ணன் மைக்கை எடுத்து, பொத்தானை அழுத்தப் போய், நிறுத்தி, திரும்பினார்.

"ஸ்வர்ணம், இன்னைக்கு உச்சைக்கு என்ன சாப்பிட்டோம்?"

"ஐயோ, இன்னைக்குமா?" அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "பாத்திரத்திலே மிச்சம் இருக்கு. போய்த் தெறந்து பாருங்கோ."

சிவராமகிருஷ்ணன் மைக்கை மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.